மாசியில் சொன்ன மதிப்பெண்

புதிதாக வேலையில் சேர்ந்த நீங்கள் சிலர் சேர்ந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள். பயிற்சித் தேர்வுகளில் பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணை வைத்து உண்மைத் தேர்வில் எவ்வளவு வரும் என்று எப்படிக் கணிப்பது, அதை வைத்து எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் கைவசம் ஒரு சூத்திரம் இருக்கும் என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. சராசரி எடுப்பது, அதில் கொஞ்சம் கழிப்பது, போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது எல்லாவற்றையும் உங்கள் கையிலிருக்கும் போனே செய்துவிடும். அதற்கு நான் எதற்கு? போனுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சந்தோஷமான கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேதியியல் ஆசிரியை. கடைசிச் சில ஆண்டுகள் கீழ்வேளூர்ப் பக்கம் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருந்தேன். நீட் எழுதும் பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பயிற்சி, சனிக்கிழமைகளில் பயிற்சித் தேர்வு, பிறகு எங்கே சேர்வது என்று பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது, மூன்றும் என் தலையில். முடியாது என்று சொல்லத் தெரியாதவர்கள் தலையில்தான் பள்ளிக்கூடத்தில் எல்லாம் விழும். உங்களுக்கும் சீக்கிரமே புரிந்துவிடும்.

அந்த வருடம் நீட்டுக்குப் படித்த பிள்ளைகளில் கலைமதி என்று ஒருத்தி. அவள் அப்பா முருகையன் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரும் வைத்திருந்தார். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில்தான் நடவு நட்டது, களை பறித்தது. அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் டாக்டர் படிப்புக்குப் பரீட்சை எழுதுகிறாள் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். கலைமதி அதிகம் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் பதில் சொல்வாள், பதில் சொன்னதும் உட்கார்ந்துவிடுவாள். இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் நமக்கு ஒரு கரிசனம் வந்துவிடும். எனக்கும் வந்தது.

தை மாதம், கதிர் முற்றி அறுக்கப் போகிற நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. சம்பா முழுக்கச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. நெல் வயலிலேயே முளைத்துவிட்டது. அறுத்துக் கொண்டுபோனவர்களையும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். முருகையனுக்கு இரண்டு அடி, சொந்தப் பயிரும் போச்சு, இயந்திரத்துக்கும் வேலை இல்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் இதே கதை. சனிக்கிழமைத் தேர்வில் எல்லாருடைய மதிப்பெண்ணும் விழுந்தது. சாப்பிட்டார்களோ இல்லையோ என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு, மூன்று நான்கு சனிக்கிழமைகளுக்குள், மதிப்பெண் ஏறத் தொடங்கியது. கொஞ்ச நஞ்சம் இல்லை, மளமளவென்று ஏறியது. கலைமதி எழுநூற்றிருபதுக்கு ஐந்நூறைத் தாண்டினாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் உள் ஒதுக்கீடு இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒதுக்கீட்டில் அவள் மதிப்பெண்ணுக்கு இடம் நிச்சயம் என்று எல்லாருமே நினைத்தோம். கஷ்டம் வந்ததும் பிள்ளைகளுக்கு வைராக்கியம் வந்துவிட்டது என்று தலைமை ஆசிரியை பெற்றோர் கூட்டத்தில் பேசினார். கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலைக்கோ படிப்புக்கோ போவதற்கு முன்பே ஊர் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடும். போலீஸ் தேர்வுக்குப் போய் ஓடிவிட்டு வந்தாலே ஏட்டையா. நர்சிங் விண்ணப்பம் போட்டாலே சிஸ்டர். பாதி கேலி, பாதி ஆசை. கலைமதிக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர் விழுந்துவிட்டது. மினி பஸ் நடத்துநர் அப்படிக் கூப்பிட்டார், ரேஷன் கடையில் அப்படிக் கூப்பிட்டார்கள். முருகையன் டீக்கடைக்குப் போனால் டாக்டர் அப்பாவுக்கு ஒரு டீ என்பார்கள். விளைச்சல் இல்லாத வருடத்தில் அந்த மனிதருக்குச் சிரிக்க வேறு என்ன இருந்தது? நான் குறை சொல்லமாட்டேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை நான் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு இருந்தேன். வழக்கமாக வேறொருவர் இருப்பார், அன்று அவர் விடுப்பு. சும்மா நடந்துகொண்டிருந்தவள் கலைமதியின் பக்கத்தில் நின்றேன். இயற்பியல் பகுதியில் ஒரு கேள்வி. முதல் வரியைப் படித்தாள், விடையைக் குறித்தாள். அந்தக் கேள்வி நான்கு வரி. மிச்ச மூன்று வரியை அவள் பார்க்கவேயில்லை. அடுத்ததும் அப்படியே. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவளும் அப்படியே. மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் எழுதுகிற கையைப் பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்வது இதனால்தான். தெரிந்த கேள்வியைக் கூடப் பிள்ளை கடைசிவரை படிக்கும். ஏற்கெனவே போட்ட கேள்வியைத்தான் பாதியிலேயே விட்டுவிடும்.

வினாத்தாள் தயாரித்தவர் எங்கள் இயற்பியல் ஆசிரியர். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர், பிள்ளைகள் மேல் உயிர். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மழைக்குப் பிறகு பிள்ளைகள் துவண்டுபோனதைப் பார்த்துப் பொறுக்காமல், வகுப்பில் ஏற்கெனவே போட்டுக் காட்டிய கணக்குகளையே கேள்வி எண்ணை மட்டும் மாற்றி, விடைகளின் வரிசையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மற்றப் பாடங்களிலும் அப்படியே செய்யச் சொல்லி மற்றவர்களையும் சம்மதிக்கவைத்திருக்கிறார். வேதியியல் பகுதியை எழுதிக் கொடுத்த என்னிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நாள் தெம்பு வரட்டும், அப்புறம் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். தெம்பு வந்தது. மாற்றத்தான் மனம் வரவில்லை. இதைக் கேட்டு அவர் மேல் எரிந்து விழவேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்காக யாராவது ஏதாவது செய்திருந்தார்கள் என்றால் அவர் ஒருத்தர்தான். நமது தொழிலில் தப்பு பெரும்பாலும் அக்கறை உள்ளவர்களிடமிருந்துதான் வருகிறது. அக்கறை இல்லாதவர்கள் வினாத்தாளே தயாரிப்பதில்லையே, தப்பு எங்கிருந்து வரும்?

அடுத்த வாரமே நான் புதிதாக ஒரு தாள் தயாரித்தேன். பிள்ளைகள் இதுவரை பார்க்காத கேள்விகள், ஆனால் உண்மைத் தேர்வின் கடினத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் விழுந்தது. கலைமதிக்கு மற்றவர்களைவிட அதிகம், முந்நூற்றைம்பதுக்குக் கீழே. விடைத்தாள்களைத் திருத்தி முடித்து வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உண்மைத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. இரண்டு மாதத்தில் ஏறலாம். ஏறாமலும் போகலாம்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க மறுநாள் கடைசி நாள். மருத்துவம் கிடைக்காவிட்டால் கலைமதி மாதிரிப் பெண்ணுக்கு நல்ல இடத்தில், விடுதியோடு, பட்டம் படிக்க அதுதான் வழி. மருத்துவம்தான் நிச்சயமாயிற்றே என்று அவளும் இன்னும் பல பேரும் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. அந்த நாள் போய்விட்டால் போனதுதான். மருத்துவமும் கிடைக்காவிட்டால் அந்தத் தெருவில் பெண்ணை ஒரு வருடம் சும்மா வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள். கல்யாணம் பேசத் தொடங்கிவிடுவார்கள். முருகையன் நல்லவர்தான், ஆனால் வீட்டில் அவர் மட்டும் இல்லையே.

தலைமை ஆசிரியை அறையில் நான், அவர், இயற்பியல் ஆசிரியர், மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். சொல்லவேண்டாம், பரீட்சை முடியட்டும் என்றார் தலைமை ஆசிரியை. இப்போது போய் உன் மதிப்பெண் பொய் என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் அது எழுந்திருக்குமா என்று கேட்டார். இயற்பியல் ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பு தன்னுடையது, தண்டனை அந்தப் பிள்ளைக்கு எதற்கு என்றார்.

“பயிரு கதிர் வாங்குற நேரம் டீச்சர். இப்பப் போயி வேரை ஆட்டாதீங்க.”

நான் கேட்கவில்லை. பொய்யான மதிப்பெண்ணை நம்பி ஒரு பெண் இருக்கிற ஒரே மாற்று வழியையும் விட்டுவிட நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். வெளியே ஆயாம்மா எட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கடைசியில் தலைமை ஆசிரியை, உங்கள் பொறுப்பு, உங்கள் இஷ்டம் என்றார். அவ்வளவு கூர்மையாக அவர் என்னிடம் அதற்கு முன் பேசியதில்லை.

முருகையனுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். அவர் வந்ததும் கலைமதியையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். தாள்கள் சுலபமாகிவிட்டன, இப்போது புதிதாக வைத்த தாளில் இவ்வளவுதான் வந்திருக்கிறது, மருத்துவத்துக்குப் படிப்பதை விடவேண்டாம், ஆனால் இன்னொரு தேர்வுக்கும் இன்றைக்கே விண்ணப்பம் போட்டு வையுங்கள் என்றேன். முருகையன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

“இன்னொரு பரீட்சைக்குப் போட்டா, இதுல நம்பிக்கை இல்லன்னு ஆயிடுமே டீச்சர். ஊருல என்னன்னு சொல்லுவேன்?”

ஊரிடம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார், அதற்குச் சரி என்றும் அர்த்தம் இல்லை, இல்லை என்றும் அர்த்தம் இல்லை. இணையச் சேவை மையத்தில் விண்ணப்பம் போடுகிற பையனை எனக்குத் தெரியும், நானே பேசி ஏற்பாடு பண்ணுகிறேன் என்றேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கலைமதி அப்போதுதான் வாய் திறந்தாள்.

“எவ்வளவு டீச்சர் எனக்கு?”

சொன்னேன்.

“மத்தவங்களுக்கும் எறங்கிருச்சா?”

எல்லாருக்கும்தான் என்றேன்.

“எனக்குத்தான் ரொம்ப. இல்லியா டீச்சர்?”

பொய் சொல்லியிருக்கலாம். அன்று காலையிலிருந்து பொய்யை எதிர்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் நான். ஆமாம் என்றேன். அவள் எழுந்து, அப்பா வாங்க, அப்ளிகேஷன் போட்டுட்டுப் போயிடலாம் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

அன்று சாயங்காலம் அவளுக்கும், விண்ணப்பிக்காமல் விட்டிருந்த மற்றவர்களுக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதைச் சொல்லவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதத்தைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். கலைமதி முன்பைவிட அதிகமாகப் படித்தாள். ஆனால் அவள் எழுதுவது மாறிவிட்டது. ஒரு கேள்வியை நான்கு தடவை படித்தாள். விடையைக் குறிக்கப் போய்க் கையை எடுத்துவிடுவாள். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்பது தெரிந்ததுதானே, அந்தப் பயத்தில் தெரிந்த கேள்விகளையும் விட ஆரம்பித்தாள். ஏன் விட்டாய் என்று கேட்டால், தெரியும் டீச்சர், ஆனா தெரியுங்கிறது நெசமான்னு தெரியல என்பாள். தனக்குத் தெரியும் என்று அவள் இதற்கு முன் நம்பினாளே, அது பொய் என்று சொன்னவள் நான்தான். இப்போது போய் உனக்குத் தெரியும், நம்பு என்று எந்த வாயால் சொல்வது? சொன்னேன். பல தடவை சொன்னேன். என் வார்த்தைக்கு அவளிடம் மதிப்பு இருந்தது, அந்த மதிப்புதான் பிரச்சினையே. கெட்டதைச் சொன்னபோது அப்படியே எடுத்துக்கொண்டாள், நல்லதைச் சொன்னபோது ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சித்திரை வெயிலில் தேர்வு எழுதினாள். முடிவு வந்தது. ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் கிடைத்த மதிப்பெண்ணுக்கும் அவளுடையதற்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம். வினாத்தாளை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். எழுதாமல் விட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக நான் கேட்க, ஒவ்வொன்றுக்கும் சரியான விடை சொன்னாள். பாதிக்கு மேல் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவளும் வினாத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழவில்லை. நான்தான் அவள் போனபிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஊரில் யாரும் அவளை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. டாக்டரம்மா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். மினி பஸ் நடத்துநர் ‘கலைமதி, டிக்கெட்டு’ என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாராம். அதைக் கேட்டுத்தான் வீட்டில் வந்து படுத்துவிட்டாள் என்று அவள் அம்மா சொன்னார். முருகையன் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார். டீக்கடைக்கு மட்டும் வெகுநாள் போகவில்லை.

மாற்று வழி என்று நான் போடவைத்த அந்த விண்ணப்பம் வீண் போகவில்லை. மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் இடம் கிடைத்தது. விடுதியில் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு எழவில்லை. நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார் தலைமை ஆசிரியை. இயற்பியல் ஆசிரியர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தெம்போடு எழுதி அவள் டாக்டருக்குப் போயிருப்பாளா? இல்லை, புதுக் கேள்விகளைப் பார்த்து அங்கேயே நொறுங்கி, கையில் ஒன்றுமில்லாமல் நின்றிருப்பாளா? எந்தக் கணக்குப் போட்டாலும் விடை வராது. எனக்கு வயதாகி ஓய்வும் பெற்றாயிற்று, இதற்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. இதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், உண்மையைச் சொல்வதா மறைப்பதா, இரண்டில் ஒன்றுதானே முடியும், நான் உண்மையைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிச் சமாளித்துவந்தேன்.

போன மாதம் கலைமதி தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தாள். பட்டம் முடித்துவிட்டாள். பி.எட்.டுக்கு விண்ணப்பித்துவிட்டு, இடையில் நாகப்பட்டினத்தில் ஒரு சின்னப் பயிற்சி மையத்தில் நீட் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறாள். இப்போது நன்றாகவே பேசுகிறாள். காப்பி கொடுத்தேன். அவளும் உங்களில் ஒருத்திதான், இந்தத் தொழிலுக்குப் புதியவள். அவளுடைய மையத்திலும் பயிற்சித் தேர்வு மதிப்பெண் ஏறியிருக்கிறது. ஒரு பெண்ணின் கையைப் பார்த்திருக்கிறாள், சந்தேகம் வந்து தானே ஒரு தாள் வைத்திருக்கிறாள், விழுந்திருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அப்போது இரண்டு நாள்தான் பாக்கியாம். கேட்டுக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். எல்லாப் பிள்ளைங்களும் இந்த அப்ளிகேஷனையும் போட்டே ஆகணும், சென்டர் ரூல்னு சொல்லிட்டேன். ஒருத்தரும் ஏன்னு கேக்கல. அவளும் போட்டுட்டா.”

அந்தப் பெண்ணின் மதிப்பெண்?

“அது எங்கிட்ட இருக்கு. எதுல வீக்குன்னு பாத்து அந்தப் பாடத்தை மறுபடி எடுக்குறேன். அவ கையில எதுக்கு டீச்சர் அது?”

என்னைக் குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். காப்பியைக் குடித்து முடித்தாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

எல்லாரும் போடவேண்டும், பள்ளிக்கூட விதி. இவ்வளவுதான். சொல்வதா மறைப்பதா என்று கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் சண்டை போட்டோமே, மூன்று பேருக்கும் சேர்த்து எத்தனை வருட அனுபவம், ஒருவருக்குமே இது தோன்றவில்லை. இது தோன்றுவதற்கு, அந்த மதிப்பெண்ணைக் காதால் கேட்டு வாங்கிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் நடந்து போனவள் வேண்டியிருந்தது.